வேன் கூரையில் வைஃபை ஆன்டெனா: கேபிளை வெட்டிய பிறகு

ஏப்ரலில் உத்தரவாதம் முடிந்தது. அந்த வாரமே கேபிளை வெட்டினோம். ஆன்டெனாவோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்தே வந்த ஐந்து மீட்டர் கேபிளில் இப்போது மிச்சம் இருப்பது 1.2 மீட்டர்தான். அதற்குப் பிறகு கோடையில் ஸ்காட்லாந்தின் வடகோடி வரை போய்த் திரும்பியும் விட்டோம். வாங்கிய புதிதில் எழுதியிருந்தால் "சுமார், பரவாயில்லை" என்று நாலு வரியில் முடித்திருப்பேன். இப்போது அதே பொருளைப் பற்றி இரண்டு மனதோடு எழுத வேண்டியிருக்கிறது. கூரையில் உட்கார்ந்திருக்கும் குமிழ் அருமையான பொருள். அதன் வாலாகத் தொங்கிய கேபிளை நினைத்தால் இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

வண்டி ஃபோர்டு டிரான்சிட் கஸ்டம். சரக்கு வேனாக வாங்கி, படுக்கை, அடுப்பு, பேட்டரி எல்லாம் போட்டு கேம்பராக மாற்றியது. மனைவி, மகள், நான், மூன்று பேருக்கும் போதும். பள்ளி விடுமுறையில் கிளம்பினால் என் வேலையும் கூடவே வரும். காலையில் லேப்டாப்பைத் திறந்தாக வேண்டும்.

"மொபைல் டேட்டா இருக்கும்போது வைஃபை ஆன்டெனா எதற்கு?" என்று இங்கிலாந்தின் தெற்கிலேயே சுற்றுகிறவர்கள் கேட்பார்கள். ஸ்காட்லாந்தில் இன்வர்னெஸ் நகரம் தாண்டி மேற்குக் கரையோரம் ஏறினால் பதில் தானே தெரியும். மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒற்றைத் தடச் சாலைகளில் ஃபோனில் ஒரு கோடுகூட இல்லாத இடங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அங்கே இருக்கும் கேம்ப்சைட்டுக்குப் பெரும்பாலும் தரைவழி பிராட்பேண்ட் வந்திருக்கும். வைஃபை பெட்டியை அலுவலகச் சுவரிலோ குளியலறைக் கட்டடத்திலோ மாட்டியிருப்பார்கள். கடலைப் பார்த்த நல்ல இடங்களோ அங்கிருந்து எண்பது, நூறு மீட்டர் தள்ளி.

எண்பது மீட்டர் திறந்த வெளியில் வைஃபைக்குப் பெரிய தூரமில்லை. சிக்கல் வண்டியில்தான். வேன் என்பது இரும்புப் பெட்டி. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தத் தகட்டைத் துளைத்து உள்ளே வராது. கண்ணாடி வழியாகத்தான் வர வேண்டும். ராத்திரி குளிருக்காகவும் வெளிச்சத்துக்காகவும் கண்ணாடிகளில் வெள்ளிநிறத் திரையை ஒட்டுகிறோமே, அதிலும் அலுமினியப் பூச்சு. மிச்சமிருந்த வழியும் அடைபட்டது. பக்கக் கதவைத் திறந்து வைத்தால் சிக்னல் வரும். ஆனால் ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் மே கடைசி முதல் செப்டம்பர் வரை மிட்ஜ் காலம். கொசுவில் பாதிகூட இல்லாத கடிபூச்சி, காற்று நின்ற சாயங்காலத்தில் புகைமாதிரி கிளம்பி வரும். கதவைத் திறந்து வைத்து ஒரு மின்னஞ்சல் அனுப்புவதற்குள் மகளின் நெற்றியெல்லாம் தடித்துவிடும். கதவை மூடினால் இணையம் போச்சு, திறந்தால் தூக்கம் போச்சு. ஆன்டெனா வாங்கியதற்கு உண்மையான காரணம் இந்தப் பூச்சிதான்.

நாங்கள் வாங்கியது உயரக் கம்பி வகை அல்ல, தட்டையான குமிழ். உயரம் ஒரு காபி டம்ளர் அளவுகூட வராது. கூரையில் ஓட்டை போட்டு மாட்டுவது. ஓட்டை போடுவதற்குத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது ஓட்டைக்கு அல்ல, வெட்டுப்பட்ட விளிம்புக்கு. பிசிறை அரம் வைத்து ராவி, துத்தநாக பிரைமர் அடித்து, அது நன்றாகக் காய்ந்த பிறகே சிக்காஃப்ளெக்ஸ் என்ற ஒட்டுப்பசையைப் பிழிந்து குமிழை உட்கார வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஈரப் பெயின்ட் மேல் ஒட்டினால் இரண்டு மழைக்காலத்தில் துரு ஓட ஆரம்பிக்கும். எங்கள் கூரையில் இதுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை, துரு வாசமும் இல்லை. இரும்புக் கூரையே ஆன்டெனாவுக்கு நல்ல அடித்தளமும்கூட. ஃபைபர் கூரை உள்ளவர்கள் வாங்குமுன், குமிழுக்கு அடியில் உலோகத் தகடு தேவையா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி கேபிள்.

இன்றைய வைஃபை ரவுட்டர்கள் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஆன்டெனாத் தடங்களைப் பயன்படுத்தும். அதனால் குமிழின் அடியிலிருந்து இரண்டு கேபிள் இறங்குகின்றன, ஒவ்வொன்றும் ஐந்து மீட்டர். கேம்ப்சைட் வைஃபையை வாங்கி வண்டிக்குள் பரப்பும் என் ரவுட்டர் இருப்பது குமிழுக்கு நேர் கீழே, மேல் அலமாரிக்குள். தேவை ஒரு மீட்டர். மீதி எட்டு மீட்டரையும் சுருட்டிக் கூரைத் தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவே திணிக்க வேண்டியிருந்தது. கேபிள் மேலேயே ஆர்ஜி 58 என்று அச்சடித்திருக்கிறது. ரேடியோக்காரர்களுக்குத் தெரியும், இந்த ரகம் 2.4 கிகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) தின்னும். ஐந்து மீட்டருக்கு ஐந்து டெசிபெல். பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் ஆன்டெனாவின் பெருக்கமும் ஐந்து டெசிபெல்தான். கூரை கொடுத்ததைக் கேபிள் அப்படியே வாங்கிக்கொள்கிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இழப்பு இதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், அதை நம்பி எதுவும் செய்ய முடியவில்லை.

விற்றவர்களிடம் இதைத்தான் கேட்டேன். குட்டைக் கேபிளோடு தர முடியுமா என்றால், எல்லா வண்டிக்கும் பொருந்தும்படி ஒரே நீளம்தான் என்றார்கள். நானே வெட்டிக்கொள்ளட்டுமா என்றால், வெட்டினால் உத்தரவாதம் கிடையாது என்று எழுத்தில் வந்தது. இவ்வளவு பணம் கொடுத்து, கூரையில் ஓட்டையும் போட்டுவிட்டு, உத்தரவாதத்தை யார் தூக்கிப் போடுவார்கள்? பொறுத்திருந்தேன். அந்தக் காலம் முழுக்க வீடியோ கால் நடுவில் முகம் உறையும்போதெல்லாம் என் கண் மேலே அந்தப் பலகையைத்தான் பார்க்கும்.

நியாயமாகச் சொன்னால் அப்போதும் ஆன்டெனா இல்லாததற்கு இருப்பது மேல்தான். திரையெல்லாம் போட்டு, கதவும் மூடிய வண்டிக்குள் ஃபோன் சிக்னல் அளவாக -88 காட்டிய இடத்தில் ரவுட்டர் -79 காட்டியது. பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது. அஞ்சல் வரும், செய்தி போகும். -80 ஒட்டிய பகுதி ரெண்டுங்கெட்டான் பகுதி. பக்கத்து இடத்தில் ஒரு பெரிய மோட்டார்ஹோம் வந்து நின்றால் அதுவும் போய்விடும்.

வெட்டிக் கொடுத்தவர் எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவர். அமெச்சூர் ரேடியோ உரிமம் வைத்திருக்கிறார், வீட்டுப் பின்கட்டில் பெரிய கம்பமே நிற்கிறது. உள்பலகையைக் கழற்றியதும் முதலில் கண்ணில் பட்டது கனெக்டர்களில் படிந்திருந்த பச்சைக் களிம்பு. மழை வரவில்லை. வண்டிக்குள் சமைக்கிறோம், மூன்று பேர் மூச்சு விடுகிறோம், அந்த ஈரமெல்லாம் குளிர்ந்த கூரைத் தகட்டில் வியர்த்து, சுருட்டி வைத்த கேபிள் மேலேயே சொட்டியிருக்கிறது. கேபிளுக்கு அங்கே கிடக்க வேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் எரிச்சல்.

அவர் வெட்டிய துண்டின் கறுப்புத் தோலைச் சீவி என் கையில் கொடுத்தார். உள்ளே நெருக்கமான செம்புப் பின்னல் இருக்க வேண்டும். இருந்தது, ஆனால் இழைகளுக்கு நடுவே வெள்ளை பிளாஸ்டிக் பல்லிளித்தது. "அச்சடித்த பெயர் மட்டும்தான் சரி" என்றார். தன் கையடக்க அளவுமானியில் அந்த 3.8 மீட்டர் துண்டைப் பூட்டிப் பார்த்தார். நாலு டெசிபெல்லுக்குக் கொஞ்சம் மேல். ஒரு முனையில் நூறு பங்கு போனால் மறுமுனைக்கு நாற்பதுகூட வரவில்லை. எட்டாக மடங்கி எங்கள் தலைக்கு மேலே கிடந்த அந்தக் கறுப்புச் சுருள் இத்தனை நாள் செய்த வேலை இதுதான்.

புது கனெக்டர் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வைஃபை ரவுட்டர்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்பி-எஸ்எம்ஏ என்ற திருகு கனெக்டர். 4ஜி ரவுட்டரின் மொபைல் ஆன்டெனா வாய்களில் இருப்பது சாதாரண எஸ்எம்ஏ. இரண்டின் மரையும் ஒன்றே, திருகினால் ஏறிவிடும். ஆனால் நடுவில் ஒன்றில் ஊசி இருக்கும் இடத்தில் மற்றதில் துளை. மாற்றிப் பூட்டினால் ஊசியும் ஊசியும் முட்டி வளையும், அல்லது துளையும் துளையும் பார்த்துக்கொண்டு தொடாமலேயே நிற்கும். கடையில் படத்தைப் பார்த்து வாங்காமல் நடுப்பகுதியை உருப்பெருக்கி வைத்துப் பார்த்து வாங்குங்கள். அவர் நடுஊசியைப் பற்றவைத்து, பின்னல் மேல் வளையத்தை நசுக்கி இறுக்கி (கிரிம்ப் செய்து), உள்ளே பசை உள்ள சுருங்கு குழாயைச் சூடுகாட்டி மூடினார். இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

கோடையில் டர்னெஸ் பக்கம் முன்பு தங்கிய அதே கேம்ப்சைட், அதே மூலை. திரை போட்டாயிற்று, கதவு மூடியாயிற்று. ரவுட்டர் காட்டியது -74. கணக்குப்படி வர வேண்டியது வந்தது, ஆனாலும் அந்த எண்ணைப் பார்த்ததும் மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வைஃபை படிப்படியாகத்தான் வேகம் ஏறும், ஒவ்வொரு படிக்கும் சில டெசிபெல் வேண்டும். கிடைத்த நாலைந்து டெசிபெல்லில் எங்களுக்கு ஒரு படிக்கு மேலேயே ஏறியது. சாயங்காலம் நாலு மணிக்குத் திருநெல்வேலியில் அம்மா இரவுச் சாப்பாட்டை முடித்திருந்தார். வீடியோவில் முழுசாக அரை மணி நேரம் பேசினோம். "எங்கேடி கடல், காட்டு" என்று பேத்தியிடம் கேட்டு, ஒரு திரையை மட்டும் விலக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்தார். முகம் உறையவே இல்லை. வெளியே மிட்ஜ் கண்ணாடியில் அப்பிக் கிடந்தது.

இதைப் படித்துவிட்டு ஆன்டெனா கேம்ப்சைட்டின் இணைய வேகத்தையே கூட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். கேம்ப்சைட்டுக்கு வரும் இணைப்பே ஒல்லி என்றால், ராத்திரி எட்டு மணிக்கு எல்லோரும் படம் பார்க்கும்போது உங்கள் வண்டியில் சிக்னல் முழுசாக இருக்கும், படம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். இன்னொன்று சட்டம். பிரிட்டனில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் வெளியேறும் ஆற்றல், ஆன்டெனாவின் பெருக்கத்தையும் சேர்த்து, 100 மில்லிவாட்டைத் தாண்டக் கூடாது. நல்ல ஆன்டெனா மாட்டினால் ரவுட்டரில் ஒலிபரப்பு ஆற்றலைக் குறைத்து வைக்க வேண்டும். காது பெரிதாகும், குரல் அதே குரல்தான். கேபிள் வெட்டிய பிறகு நான் இதையும் திருத்தி வைத்தேன், இழப்பு குறைந்தால் வெளியே போவது கூடுமே.

ரவுட்டர் கேம்ப்சைட் வைஃபையில் ஒரு சாதனமாகச் சேர்ந்து, உள்ளே நமக்கென்று தனி வைஃபை பரப்புகிறது. கடவுச்சொல் பக்கத்தை ஒரு முறை திறந்தால் போதும், எல்லாச் சாதனமும் ஓடும். அந்தப் பக்கம் திறக்கவே இல்லையென்றால் விபிஎன்னை நிறுத்திப் பாருங்கள், ரவுட்டரில் டிஎன்எஸ் ரீபைண்ட் பாதுகாப்பு (சில உள் முகவரிப் பக்கங்களைத் தடுக்கும் அமைப்பு) இருந்தால் அதையும் தற்காலிகமாக அணையுங்கள். மின்சாரம் பெரிய செலவில்லை, 12 வோல்ட்டில் அரை ஆம்பியருக்குள். சோலார் பேனலின் அலுமினியச் சட்டத்துக்குப் பக்கத்தில் குமிழை வைத்தால் அந்தத் திசை மங்கும். எங்கள் வண்டியில் பேனல் பின்பக்கம், அதனால் வண்டியின் மூக்கு அலுவலகத்தைப் பார்க்கும்படி நிறுத்துகிறோம்.

லெஸ்டரில் இருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் கேட்டார்: "அண்ணா, நீங்க போட்ட அதே செட் விலை நல்லா குறைஞ்சிருக்கு. வாங்கிடவா?" இதுவரை எழுதியதைப் பார்த்தால் ஆமாம் என்றுதான் நான் சொல்லியிருக்க வேண்டும். வேண்டாம் என்றேன். விலை குறைந்திருக்கிறதே தவிர பெட்டிக்குள் அதே ஐந்து மீட்டர்தான் இருக்கிறது, விற்பனைப் பக்கத்தை வரி வரியாகப் பார்த்துவிட்டேன். முதல் நாளே வெட்டினால் உத்தரவாதம் போகும், வெட்டாவிட்டால் பாதிப் பொருளைத்தான் அனுபவிக்க முடியும். வாங்குகிறவனை இப்படி ஒரு மூலையில் நிறுத்துகிற வியாபாரத்துக்கு நான் ஆள் சேர்த்து விடமாட்டேன். அடியில் சாக்கெட் உள்ள ஆன்டெனாவாகப் பார், கேபிளை நம் அளவுக்குத் தனியாக வாங்கிக்கொள்ளலாம் என்றேன். எல்எம்ஆர் 240 ரகம் மீட்டருக்கு அரை டெசிபெல்கூடத் தின்னாது. இல்லையென்றால் ரேடியோவே கூரைப் பெட்டிக்குள் இருந்து ஈதர்நெட் கேபிள் மட்டும் இறங்குகிற வகை, அதில் இந்த இழப்புப் பேச்சுக்கே இடமில்லை.

"அப்ப உங்களுடையதைக் கழற்றப் போறீங்களா?" என்றார். எதற்குக் கழற்ற வேண்டும், அக்டோபர் விடுமுறைக்கு அதை நம்பித்தான் ஸ்கை தீவில் இடம் பதிவு செய்திருக்கிறேன்.