கைக்கடக்கமான மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்: முதலில் லென்ஸ், பிறகு பாடி

சின்ன கேமரா தேடுபவர்கள் கடையில் முதலில் கையில் எடுத்துப் பார்ப்பது பாடியைத்தான். ஆனால் தோள்பையில் கேமரா நுழையுமா என்பதை முடிவு செய்வது முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் லென்ஸ். பானாசோனிக் ஜிஎம்1 பாடியின் தடிமன் 30 மி.மீ.தான். அதில் 12-35 மி.மீ. எஃப் 2.8 ஜூமை (எஃப் எண் சிறியதாக இருந்தால் லென்ஸ் அகலமாகத் திறக்கும், அதிக வெளிச்சம் வரும்) மாட்டிவிட்டால் 300 கிராம் லென்ஸின் பின்பக்கம் தீப்பெட்டியை ஒட்டிவைத்த மாதிரி ஆகிவிடும். எந்த லென்ஸ் அதிக நேரம் மாட்டியே இருக்கப்போகிறது என்று முதலில் தீர்மானித்துவிட்டு, அதற்கேற்ற பாடியைத் தேடுவதே சரி.

மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ், 2008-இல் ஒலிம்பஸும் பானாசோனிக்கும் சேர்ந்து அறிவித்த மவுண்ட், அதாவது லென்ஸைப் பாடியில் மாட்டும் முறை. சென்சார் 17.3 × 13 மி.மீ. இரண்டு கம்பெனி லென்ஸும் இரண்டு கம்பெனி பாடியிலும் பொருந்தும். ஃபுல் ஃப்ரேம் (36 × 24 மி.மீ. சென்சார்) பார்வைக் கோணத்துக்கு லென்ஸின் மி.மீ.யை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பின்னணி மங்கலுக்கும் இதே கணக்குதான்: 45 எஃப் 1.8-இல் கிடைப்பது, ஃபுல் ஃப்ரேமில் 90 எஃப் 3.6 தரும் மங்கல். ஷட்டர் வேகம் மட்டும் எஃப் 1.8-க்கு உரியதாகவே இருக்கும்.

பானாசோனிக் 20 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2009-இல் வந்தது, நீளம் 25.5 மி.மீ.; 2013-இல் வந்த இரண்டாம் பதிப்பின் எடை 87 கிராம். முழு அப்பர்சரிலேயே நடுப்பகுதி கூர்மையாக இருக்கும். குறை ஃபோகஸில். உள்ளே ஒரு சிறு கண்ணாடியை மட்டும் நகர்த்தாமல் கண்ணாடித் தொகுப்பு முழுவதையும் முன்னும் பின்னும் தள்ளுவதால் மெதுவாகத்தான் பிடிக்கும், சத்தமும் வரும். எவ்வளவு புதிய பாடி வாங்கினாலும் இது மாறாது. ஓடியாடும் குழந்தை, வீடியோ, தொடர் ஃபோகஸ் எதற்கும் ஆகாது. நின்று நிதானமாக எடுக்கும் தெருக்காட்சி, சாப்பாடு, கோயில் சிற்பம் ஆகியவற்றுக்கு இந்த விலையில் இதற்கு நிகர் குறைவு. ஒலிம்பஸ் இ-எம்5 முதல் பதிப்பில் இதை மாட்டி அதிக ஐஎஸ்ஓவில் எடுத்தால் நிழல் பகுதிகளில் கோடுகோடாக வரும். அந்தப் பாடி வைத்திருப்பவர்கள் வாங்கும் முன் ஐஎஸ்ஓ 3200-இல் ஒரு படம் எடுத்து, எடிட்டிங்கில் நிழல் பகுதியை வெளிச்சமாக்கிப் பார்த்துவிடுங்கள்.

வேகமான ஃபோகஸ் வேண்டுமென்றால் ஒலிம்பஸ் 17 எஃப் 1.8, 120 கிராம். இதன் ஃபோகஸ் வளையத்தைப் பாடியை நோக்கி இழுத்தால் தூர அளவுகோல் வெளியே வந்து, கைமுறை ஃபோகஸுக்கு மாறிவிடும். எஃப் 5.6 வைத்து 3 மீட்டரில் நிறுத்தினால் சுமார் 1.6 மீட்டரிலிருந்து 20 மீட்டர் தாண்டியும் தெளிவாக விழும். சந்தையிலும் திருவிழாவிலும் ஆட்டோஃபோகஸைவிட இதுவே வேகம். பையிலிருந்து எடுக்கும்போது வளையம் தானாகப் பின்னால் நகர்ந்துவிடுவதும் உண்டு. ஆட்டோஃபோகஸ் திடீரென்று நின்றுபோனால் சர்வீசுக்கு ஓடும் முன் வளையத்தை முன்னால் தள்ளிப் பாருங்கள். 2025-இல் வந்த இரண்டாம் பதிப்புக்கு மழைத் தடுப்பு உண்டு, இந்த வளையம் இல்லை. தெருவில் எடுப்பவர்களுக்கு இந்த மாற்றம் நஷ்டம்தான்.

ஆட்களை எடுக்க ஒலிம்பஸ் 45 எஃப் 1.8 (116 கிராம்) போதும், யோசிக்கவே வேண்டாம். தூரத்துக்குப் பானாசோனிக் 35-100 எஃப் 4-5.6, 135 கிராம், பகலில் மட்டும்.

பாடியோடு சேர்ந்து வரும் மடங்கும் கிட் ஜூம்களில் இரண்டு: 70 கிராம் எடையுள்ள பானாசோனிக் 12-32, 93 கிராம் எடையுள்ள ஒலிம்பஸ் 14-42 ஈஇசட். படத்தரத்தில் 12-32 ஒரு படி மேல், 12 மி.மீ. என்பது சிறிய அறைக்குள் எடுக்கும்போது பெரிய வித்தியாசம். 12-32-இல் ஃபோகஸ் வளையம் கிடையாது. முன்பக்க வளையம் பசையில் நிற்பதால் சில வருடத்தில் கழன்றுவிடுவது இதன் தெரிந்த நோய். வளையத்தைப் பிடித்துத் திருகாமல் முழுக் குழலையும் பிடித்துத் திருப்பினால் நீண்ட நாள் தாங்கும். 14-42 மோட்டாரில் ஜூம் ஆகும். உள்ளே மடங்கி விரியும் தகட்டுக் கேபிள் தேய்ந்து அறுந்தால் அப்பர்சர் வேலை செய்யாமல் போகும், அல்லது பாடி லென்ஸையே அடையாளம் காணாது. ரிப்பேர் செலவுக்கு இன்னொரு பழைய லென்ஸே வாங்கிவிடலாம்.

பாடிக்கு வருவோம். இங்கே பலரும் கோட்டைவிடுவது ஸ்டெபிலைசேஷன், அதாவது கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி. 20, 17, 45 என்று மேலே பேசிய சின்ன ப்ரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) எதிலும் அது கிடையாது. பாடியில் இருந்தால்தான் உண்டு. ஜிஎம்1, ஜிஎம்5 இரண்டிலும் இல்லை. ஆகவே ஜிஎம்1-இல் 45-ஐ மாட்டி மாலை வெளிச்சத்தில் எடுத்தால் குறைந்தது 1/100 ஷட்டர் வைக்க வேண்டும். அதே லென்ஸை ஒலிம்பஸ் இ-எம்10 மார்க் 2 அல்லது பானாசோனிக் ஜிஎக்ஸ்85-இல் மாட்டினால் அசையாத காட்சிக்கு 1/10 வரை தைரியமாக இறங்கலாம். மூன்றுக்கும் மேற்பட்ட ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரண்டு மடங்கு வெளிச்சம்) கையில் கிடைக்கிறது. ஐஎஸ்ஓ 3200-க்குப் பதில் 400. இந்தச் சென்சாரில் அது கண்ணுக்கு நன்றாகவே தெரியும்.

ஜிஎம்1 (204 கிராம்) சட்டைப்பைக்கு நெருக்கமாக வரும் ஒரே பாடி என்பது உண்மைதான். கொடுக்கும் விலையும் உண்டு: வ்யூஃபைண்டர் இல்லை, ஃபிளாஷ் 1/50-க்கு மேல் ஒத்திசையாது, மெக்கானிக்கல் ஷட்டர் 1/500-இல் நின்றுவிடும். அதற்கு மேல் எல்லாம் எலக்ட்ரானிக் ஷட்டர். உச்சிவெயிலில் ஐஎஸ்ஓ 200, எஃப் 1.7 என்றால் 1/16000 தேவைப்படும்; ஓடும் பஸ் சாய்ந்து தெரிவது அப்போதுதான். எல்இடி, டியூப்லைட் வெளிச்சத்தில் எலக்ட்ரானிக் ஷட்டர் பட்டைபட்டையாகக் காட்டினால் 1/50 அல்லது 1/100-க்கு இறக்குங்கள், போய்விடும். பேட்டரி ஒன்றுக்குச் சுமார் 230 படம் என்பது கணக்கு, கூடவே இரண்டாவது பேட்டரி அவசியம்.

தினசரி உபயோகத்துக்கு இ-எம்10 வரிசையே சிறந்த நடுவழி: சுமார் 400 கிராம் எடை, 1/4000 மெக்கானிக்கல் ஷட்டர், திறந்து சாயும் திரை. நகர்வதைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்வதில் மட்டும் திணறும். அது முக்கியமென்றால் இ-எம்5 மார்க் 3 அல்லது அதன் வாரிசான ஓஎம்-5 (இரண்டும் 414 கிராம்). இவற்றின் சென்சாரில் நகர்வதை வேகமாகப் பிடிக்க உதவும் 121 ஃபேஸ் டிடெக்ட் ஃபோகஸ் புள்ளிகள் உண்டு. மழைத் தடுப்பும் உண்டு, ஆனால் பழைய 17, 25, 45 எஃப் 1.8 லென்ஸ்களில் அது இல்லாததால் மவுண்ட் வழியே தண்ணீர் இறங்கும். மழையில் நனைய வேண்டியிருந்தால் 254 கிராம் 12-45 எஃப் 4-ஐ மாட்டுங்கள். ஜிஎக்ஸ்85-இன் வடிவம் பைக்கு வசதி. வ்யூஃபைண்டரில் கண்ணை வேகமாக அசைத்தால் சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிந்து தெரியும். சிலருக்குத் தலைவலியே வரும், ஆகவே கண்ணை வைத்துப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

ஃபில்டர் விஷயத்தில் இந்த சிஸ்டம் பணத்தை மிச்சப்படுத்தும். 14, 15, 17, 20, 25, 35-100 எல்லாம் 46 மி.மீ.; 45, 12-32, 14-42 மூன்றும் 37 மி.மீ. 46-இல் ஒரு என்டியும் (வெளிச்சத்தைக் குறைப்பது) ஒரு போலரைசரும் (பளபளப்பைக் குறைப்பது) வாங்கி, சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரை மாட்டும் 37-46 ஸ்டெப்-அப் ரிங் ஒன்று சேர்த்துக்கொண்டால் முழு செட்டுக்கும் போதும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது லென்ஸின் பின்பக்கம் டார்ச் அடித்து, முன்பக்கத்திலிருந்து சாய்வாகப் பாருங்கள். நூல்நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை; ஓரிரு தூசி படத்தில் தெரியாது. சென்னை, நாகை மாதிரி கடற்கரை ஊர்களில் தோல் உறைக்குள் பூட்டிவைத்த லென்ஸுக்குத்தான் பூஞ்சை முதலில் வரும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பதமானி மூன்றும் போதும். 40 முதல் 50 சதவீதத்துக்குள் வைத்திருங்கள். மடங்கும் ஜூமாக இருந்தால் கடைக்காரர் முன்னாலேயே இருபது முறை திறந்து மூடி, ஒவ்வொரு ஜூம் அளவிலும் எஃப் 8-இல் ஒரு படம் எடுங்கள். கேபிள் தேய்ந்திருந்தால் ஏதாவது ஒரு அளவில் மாட்டிக்கொள்ளும்.