முன்பாரம், பின்பாரம்: நான்கு ஆண்டு கேரவன் அனுபவம்

சிட்னியின் மேற்குப் புறநகரில் எங்கள் வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு நிற்கும் கேரவனுக்கு, அதாவது காரின் பின்னால் இழுத்துப் போகும் சக்கர வீட்டுக்கு, இந்த மாதத்தோடு நான்கு வயது. இதுவரை 31,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இரட்டை அச்சு, நான்கு சக்கரம், முழுச் சுமையோடு 2,600 கிலோ வரை அனுமதி. இழுப்பது டீசலில் ஓடும் டொயோட்டா பிராடோ கார். வாங்கிய அன்று படுக்கை, சமையல் மேடை, குளியலறை என்று உள்ளே இருந்ததையெல்லாம் ஒன்றரை மணி நேரம் சுற்றிப் பார்த்தோம். குனிந்து பிரேக்கைப் பார்த்தது ஐந்து நிமிடம்கூட இருக்காது. இப்போது வாங்குவதாக இருந்தால் நேரத்தை அப்படியே மாற்றிச் செலவிடுவேன்.

சட்டத்தின் கண்ணில் கேரவனும் ஒரு ட்ரெய்லர்தான். ஆஸ்திரேலியச் சட்டப்படி 750 கிலோ வரையிலான ட்ரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயமில்லை. அதற்கு மேல் ஒரு அச்சுக்காவது வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களுக்கும் வேண்டும். ட்ரெய்லர் காரிலிருந்து கழன்றுவிட்டால் தானே பிரேக் பிடித்து, குறைந்தது 15 நிமிடம் விடாமல் வைத்திருக்கும் ஏற்பாடும் வேண்டும். எங்களுடையது இந்தக் கடைசி வகை.

மின்சார டிரம் பிரேக்தான் பொருத்தியிருக்கிறார்கள். டிரம்முக்குள் ஒரு மின்காந்தம் இருக்கும். மின்சாரம் போனதும் அது சுழலும் டிரம்மைப் பற்றிக்கொண்டு கூடவே நகரப் பார்க்கும். அந்த இழுப்பில் பிரேக் கட்டைகள் விரியும். எவ்வளவு மின்சாரம் என்பதை டிரைவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் கன்ட்ரோலரின் குமிழ் முடிவு செய்கிறது. பொருத்தியவர் வைத்துக் கொடுத்த அளவை நான் ஓராண்டு தொடவே இல்லை. அது தவறு. ஏற்றிய சுமை மாறினால் அளவும் மாற வேண்டும். இப்போது ஒவ்வொரு பயணத்தின் தொடக்கத்திலும் ஆளில்லாத தெருவில் 30 கிலோமீட்டர் வேகத்தில் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, பிரேக் பிடித்துப் பார்ப்பேன். கேரவனின் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயத் தொடங்கினால் ஒரு படி குறைப்பேன். அடுத்து, குமிழைக் கையால் அழுத்தி, கேரவன் மட்டும் தனியாகப் பிரேக் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். இந்தக் கைப்பிரயோகம்தான் ஒருநாள் எங்களைக் காப்பாற்றியது.

இரண்டாம் ஆண்டு, ஹியூம் நெடுஞ்சாலை, கோல்பர்னை நோக்கிய ஓர் இறக்கம். வேகம் நூறைத் தொட்டிருந்தது. வலப்பக்கம் ஒரு நீண்ட லாரி முந்தியது. அது தள்ளிய காற்றில் கேரவனின் பின்பக்கம் இடதுபுறம் விலகி, திரும்பி வலதுபுறம் வந்து, மறுபடி இடதுபுறம் போனது. ஒவ்வொரு வீச்சும் முந்தையதைவிடப் பெரியதாக இருந்தது. கார் என் பேச்சைக் கேட்கவில்லை. கேரவன் காரை ஓட்டிக்கொண்டிருந்தது. கால் தானாகக் கார் பிரேக்குக்குப் போகப் பார்த்தது. பக்கத்தில் இருந்த மனைவி, "குமிழை அழுத்துங்கள்!" என்று கத்தினாள். ஸ்டீயரிங்கை ஆட்டாமல் நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துக் குமிழை அழுத்தினேன். பின்னாலிருந்து யாரோ வாலைப் பிடித்து இழுத்தது போல வண்டி நேரானது. மொத்தம் எட்டு நொடி இருக்கலாம். அடுத்த ஓய்விடத்தில் அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

குற்றம் லாரியுடையது அல்ல. மறுநாள் எடைமேடையில் ஏற்றிப் பார்த்தபோது கேரவன் 2,310 கிலோ. காரின் கொக்கிக் குண்டின் மேல், அதாவது டோ பாலின் மேல், இறங்கிய எடை வெறும் 140. ஆறு சதவீதம்தான். இங்கே பொதுவாகச் சொல்லும் அளவு பத்து சதவீதம். எங்கள் ஊர் மாட்டுவண்டிக்காரர் எவரும் எடைமேடை இல்லாமலே இதைச் சொல்லியிருப்பார்: பின்பாரம். பின்பக்கம் கனத்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். உடனே வண்டியை நிறுத்தி மூட்டையை முன்னால் தள்ளுவார்கள். கார் மாடு போல முக்குவதில்லை என்பதால் எனக்குத் தெரியவில்லை.

கணக்கு தராசுக்கோலின் கணக்குதான். பின் பம்பரில் இரண்டு சைக்கிளும் தாங்கியுமாக 45 கிலோ, அச்சுக்கு மூன்று மீட்டருக்கும் மேல் பின்னால். டோ பால் அச்சிலிருந்து ஏறக்குறைய ஐந்து மீட்டர் முன்னால். ஆக, அந்தச் சைக்கிள்கள் மட்டுமே முன்னிருந்து 30 கிலோவைத் தூக்கிவிட்டன. பின்பெட்டியில் ஜெனரேட்டர். போதாததற்கு, எடை குறையட்டும் என்று முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்திருந்தேன். சைக்கிளைக் கார் கூரைக்கும் ஜெனரேட்டரை முன்பெட்டிக்கும் மாற்றி, தொட்டியை நிரப்பிய பிறகு டோ பாலில் 235 கிலோ. அந்த எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதால், அதற்கு ஈடாகக் கார் டிக்கியில் கிடந்த பாதிச் சாமானை வீட்டிலேயே விட்டேன். வேகம் 90. லாரிகள் முந்தட்டும்.

ஆட்டத்தை உணர்ந்து கேரவன் பிரேக்கைத் தானே பிடிக்கும் மின்னணுக் கருவியையும் அந்த ஆண்டே பொருத்தினேன். நல்ல கருவி. ஜார்ஜ் ஏரியை ஒட்டிய சாலையில் பக்கக்காற்று அடித்தபோது ஒரே ஒருமுறை வேலை செய்தது. ஆனால் இது தவறாக ஏற்றிய சுமையைச் சரிசெய்யாது. முன்சக்கரங்களுக்கு எடையைத் திருப்பி அனுப்பும் சமன்கம்பிகளும் அப்படியே: காரின் பின்பக்கம் தாழ்வது நிற்கிறது, முன்விளக்கு வானத்தைப் பார்ப்பது நிற்கிறது, பின்பாரம் பின்பாரமாகவே இருக்கிறது.

மலை இறக்கத்துக்கு என் அளவுகோல் பிரெய்ட்வுட்டிலிருந்து பேட்மன்ஸ் பே இறங்கும் கிளைட் மலை. வழியில் ஒரு வளைவில் போவோர் வருவோர் கரடி பொம்மைகளை வைத்துவிட்டுப் போவார்கள். பிள்ளைகளுக்கு மலை என்றால் அந்த வளைவுதான். எனக்கு டிரம்மின் வாசனை. முதல்முறை பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கி, அடிவாரத்தில் கருகிய வாசனையோடு நின்றேன். சூடேறிய டிரம் விரிந்து, பிடி தளர்ந்துவிட்டிருந்தது. இப்போதெல்லாம் இறக்கம் தொடங்கும் முன்பே தாழ்ந்த கியர். பிரேக்கை அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, முழுதாக விட்டு ஆறவிடுவது.

பராமரிப்பில் ஆண்டுக்கொரு முறை பேரிங் கிரீஸும் பிரேக் கட்டைச் சரிபார்ப்பும் உண்டு. மூன்றாம் ஆண்டு ஒரு சக்கரத்தின் காந்தத்துக்குப் போகும் வயர் உரசி அறுந்திருந்தது. மூன்று சக்கரப் பிரேக்கில் எவ்வளவு தூரம் ஓடினோமோ. கழன்றால் பிடிக்கும் பிரேக்கின் சிறு பேட்டரியும் சத்தமில்லாமல் செத்திருந்தது. அந்தப் பிரேக்கின் ஊசியை (pin) இழுத்துவிட்டு, கேரவன் நகர மறுக்கிறதா என்று பார்ப்பது இப்போது என் பெரிய பையனின் வேலை. சைக்கிளைப் பின்னால் மாட்டலாமே என்று போன வாரமும் கேட்டான்.