சிஎஸ்வி-யா, ஃபிக்ஸட் விட்த்-ஆ?

ஒரு சிஸ்டத்துல இருந்து இன்னொன்னுக்கு டேட்டா அனுப்பணும்னா உடனே சிஎஸ்வி, அதாவது விவரங்களுக்கு நடுவுல கமா போட்டு பிரிக்கற ஃபைல், அதுதான்னு சொல்லிடுவாங்க, ஈசிதான், எதுல வேணா ஓப்பன் ஆகும், ஆனா அட்ரஸ் நடுவுல ஒரு கமா வந்து அதுக்கு டபுள் கோட்ஸ் போடாம விட்டா அதுக்கப்புறம் இருக்கற எல்லாமே ஒரு கட்டம் தள்ளிப்போய், ஊர் இருக்கவேண்டிய இடத்துல தெரு பேர் வந்து உக்காந்துக்கும். 2005ல வந்த ஆர்எஃப்சி 4180ங்கற சிஎஸ்வி விளக்க ஆவணத்துல இந்த கோட்ஸ் விஷயம் தெளிவாவே இருக்கு, யார் பாக்கறா? எக்செல்ல அப்படியே ஓப்பன் பண்ணி சேவ் பண்ணா 00457 வெறும் 457 ஆயிடும், அது தனி தலைவலி.

ஃபிக்ஸட் விட்த்ல, அதாவது ஒவ்வொரு விவரத்துக்கும் இத்தனை இடம்னு முன்னாடியே ஒதுக்கிடற ஃபைல்ல, கமா பிரச்சனையே கிடையாது, முதல் 10 இடம் கஸ்டமர் நம்பர், அடுத்த 30 இடம் அவரோட பேர், அவ்ளோதான். பெரிய கம்பெனிகள்ல இருக்கற பழைய மெயின்ஃப்ரேம் கம்ப்யூட்டர்னா நான் இதைத்தான் எடுப்பேன். ஆனா எழுத்துகளை பைட்டா மாத்தி சேமிக்கற யுடிஎஃப்-8 முறையில 'கி'ங்கற ஒரு எழுத்துக்கே 6 பைட், பைட் கணக்குல வெட்டினா பேர் பாதில உடைஞ்சிடும். புது சிஸ்டம்னா சிஎஸ்வியே போதும், கோட்ஸ மட்டும் மொதல்ல டெஸ்ட் பண்ணிடுங்க.