நியூசிலாந்து திராட்சைத் தோட்ட வேலைக்கு வடபழனியில் பணம் கட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் பக்கத்துப் பையன்களைக் குறிவைத்து ஒரு விளம்பரம் வாட்ஸப்பில் சுற்றுகிறது. திராட்சையில் அனுபவம் இருந்தால் நியூசிலாந்தில் வேலை, மணிக்கு 28 டாலர், தங்குமிடம் இலவசம். அதை நம்பி 1,45,000 ரூபாய் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஆபீஸ் வடபழனியில், ஒரு செல்போன் கடைக்கு மேல் மாடியில். போலீசில் புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை.

முதலில் பதிவுக் கட்டணம் 15,000, கூகுள் பேயில். பத்து நாளில் ஆஃபர் லெட்டர் வந்தது. சென்ட்ரல் ஒட்டாகோ என்ற குளிர்ப் பிரதேசத்தில் 12 ஏக்கர் ஒயின் திராட்சைத் தோட்டம், பினோ நுவார் ரகம், நவம்பரில் அறுவடை, அக்டோபர் கடைசியில் கிளம்ப வேண்டும் என்று இருந்தது. லெட்டரைப் பார்த்த கையோடு ஒரு லட்சம் ரொக்கமாகக் கொடுத்தேன். அப்புறம் மெடிக்கல், விசா ஃபைல் என்று 30,000.

நவம்பர் அறுவடை எனக்கு உறுத்தவே இல்லை. திராட்சைப் பந்தலுக்குக் கீழேயே வளர்ந்தவன் நான். எங்கள் பன்னீர் திராட்சைக்கு மாதக் கணக்கு கிடையாது. கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து நாலு மாதம் போனால் குலை வெட்டலாம். ஒரு தோட்டத்தில் பூ பிடிக்கும்போது அடுத்த தோட்டத்தில் லாரி ஏற்றுவார்கள். வருஷம் முழுக்கப் பழம் வரும் என்பதுதான் கம்பம் பள்ளத்தாக்குக்கே பெருமை. அப்படிப்பட்டவனிடம் எந்த மாதத்தைச் சொன்னாலும் தலையாட்டத்தான் செய்வான்.

பயிற்சி என்று ஒரு நாள் வரச் சொன்னார்கள். மொட்டைமாடியில் தொட்டியில் ஒரு காகிதப்பூச் செடி. அதை வைத்துக் கவாத்துப் பயிற்சி! சொல்லிக்கொடுத்தவர் கத்தரியைத் திருப்பிப் பிடித்திருந்தார். வெட்டும் அலகு நிற்கப்போகும் கிளைப் பக்கம் இருக்க வேண்டும், தடித்த அலகு கழிக்கும் துண்டுப் பக்கம். மாற்றிப் பிடித்தால் நிற்கிற கிளை நசுங்கும், அதுதான் நடந்தது. நான் அவர் கையிலிருந்து வாங்கி வெட்டிக் காட்டினேன். "பாத்தீங்களா, தம்பி ஏற்கெனவே எக்ஸ்பர்ட்" என்று மற்ற பதினோரு பேரிடமும் சொன்னார். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

சூளைமேட்டில் அத்தை வீட்டில் தங்கியிருந்தபோது, போகிற ஊரைப் பற்றித் தெரிந்துகொள்வோமே என்று யூடியூப் பார்த்தேன். அங்கே வேலை செய்கிறவர்களே போட்ட வீடியோக்கள். ஜூலையில் ஸ்வெட்டர், குல்லா, இலையே இல்லாத கொடிகள், கவாத்து. அக்டோபர் வீடியோ ஒன்றில் விடிவதற்கு முன்னால் ஹெலிகாப்டர் தோட்டத்துக்கு மேலே வட்டமடிக்கிறது. உறைபனியில் புதுத் துளிர் கருகிவிடாமல் இருக்க, மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்றைக் கீழே தள்ளுகிறார்களாம். அக்டோபரில் இப்போதுதான் துளிர் என்றால் நவம்பரில் எந்தப் பழத்தை அறுப்பது? தேடிப் பார்த்தேன். பூமியின் தென்பாதி, குளிர்காலம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. கொடி இலை உதிர்த்துத் தூங்கி, செப்டம்பர் கடைசிக்கு மேல் துளிர்த்து, டிசம்பர் வாக்கில் பூத்து, மார்ச் கடைசி, ஏப்ரலில்தான் பழம் வெட்டுகிறார்கள்.

லெட்டரோடு ஓடினேன். மேனேஜரிடம் இதையே வரிவரியாகச் சொன்னேன். அவர் அசரவில்லை. "டைப்பிங் மிஸ்டேக் தம்பி" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டதும் ரசீதைப் பார்க்கச் சொன்னார். மூன்று ரசீதிலும் "பயிற்சிக் கட்டணம்" என்று இருந்தது. பயிற்சி கொடுத்தாகிவிட்டது, கணக்கு முடிந்தது என்கிறார். காகிதப்பூவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கேட்காமல் விட்டாரே.

கட்டுவதற்கு முன்னால் பார்த்திருக்க வேண்டியதை எல்லாம் கட்டிய பிறகு பார்த்தேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் லைசென்ஸ் வேண்டும், அந்த எண்ணை இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பார்க்கலாம். இவர்களிடம் இருந்தது வெறும் ஜி.எஸ்.டி. பதிவு, அதைத்தான் ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார்கள். லைசென்ஸ் உள்ள ஏஜென்ட்கூட 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். நியூசிலாந்திலோ வேலை கொடுப்பதற்காக ஆளிடம் பணம் வாங்குவதே சட்டப்படி தப்பு. லெட்டரில் போட்டிருந்த ஆர்.எஸ்.இ. விசா, அதாவது பருவகால வேலைக்கான விசா, 2007-ல் வனுவாட்டு, சமோவா, டோங்கா போன்ற பசிபிக் தீவுக்காரர்களை முன்வைத்துக் கொண்டுவந்தது. கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது. சூளைமேட்டிலிருந்து ஒரு பஸ் தூரம், ஒரு எட்டு போய்க் கேட்டிருக்கலாம். அத்தை கேட்ட ஒரே கேள்வி, "ஒரு லட்சத்தையும் கையிலயா குடுத்த?"

வேப்பேரியில் புகார் கொடுத்து ஒன்றரை மாதம் ஆகிறது. என்னோடு மாடிக்கு வந்த பதினோரு பேரில் நான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். மற்றவர்கள் இன்னும் விசா வரும் என்று காத்திருக்கிறார்கள்.

போன வாரம் உத்தமபாளையத்து நண்பன் ஒருவன் தனக்கு வந்த லெட்டரை அனுப்பி, "இது ஓகேவாடா?" என்று கேட்டான். அதே தோட்டம், அதே 12 ஏக்கர், அதே கூகுள் பே எண். அறுவடை மட்டும் ஏப்ரல் என்று திருத்தியிருக்கிறார்கள்.