கணக்குப் பகுதியின் முகவரிக்கு விலைப்பட்டியல் போகவில்லை: மின்னஞ்சல் சேவை பாவித்த அனுபவம்

மொத்த மின்னஞ்சல் அனுப்ப நாங்கள் பாவிக்கும் சேவை சந்தாவைக் குறைத்திருக்கிறது. கொட்டாஞ்சேனையில் அச்சகம் நடத்தும் நண்பர், "நானும் எடுக்கட்டா?" என்று கேட்டார். வடிவமைப்பு, நேரம் குறித்து அனுப்புதல், அறிக்கைகள் எல்லாமே அருமை. என் கோபம் முழுக்கப் பொது முகவரிகளில்தான்.

புறக்கோட்டையில் எங்களுக்கு எழுதுபொருள் மொத்த வியாபாரம். வாடிக்கையாளர் பலர் 'இன்ஃபோ', 'அக்கவுண்ட்ஸ்' என்று தொடங்கும் முகவரியைத்தான் தருவார்கள். ஒரே பெட்டியை மூன்று நான்கு பேர் திறப்பார்கள். எக்செல் கோப்பாக ஏற்றினால் சேவை அவற்றை ஏற்காமல் அப்படியே தள்ளிவிடும்.

காரணம் விளங்குகிறது. காசுக்கு விற்கும் பட்டியல்கள் இப்படியான முகவரிகளால் நிறைந்தவை. ஜிமெயிலும் 2024 பெப்ரவரியிலிருந்து, ஸ்பாம் முறைப்பாடு 0.3 வீதத்தைத் தொடக்கூடாது என்கிறது. 'அபியூஸ்' (முறைகேடுகளை முறையிட), 'போஸ்ட்மாஸ்டர்' (மின்னஞ்சல் நிர்வாகத்துக்கு) முகவரிகளைத் தடுப்பது முழுக்கச் சரி. அவை இன்ன வேலைக்கு என்று 1997இல் வந்த ஆர்.எஃப்.சி. 2142 என்ற இணைய நியம ஆவணம் வரையறுத்திருக்கிறது. 'அக்கவுண்ட்ஸ்' அந்தப் பட்டியலிலேயே இல்லை. எங்களிடம் மாதாமாதம் கடதாசி வாங்கும் கணக்குப் பகுதியை அவற்றோடு சேர்த்துத் தடுப்பது என்ன நியாயம்?

வாடிக்கையாளரே பதிவுப் படிவத்தில் அந்த முகவரியைக் கொடுத்தால் சேவை ஏற்றுக்கொள்கிறது. ஆனால் உறுதிப்படுத்தும் இணைப்பும் அதே பொதுப் பெட்டிக்குத்தான் போகும். மற்றவர் அழுத்துவார் என்று எல்லாரும் விட்டுவிடுவார்கள்.

அதைவிடக் கொடுமை, விலகல். புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'வேண்டாம்' என்று அழுத்தினால் முழுப் பகுதிக்கும் நின்றுவிடும். அழுத்தியது யாரென்று தெரியாது. நாங்கள் திரும்பச் சேர்க்கவும் முடியாது. அவர்களே மறுபடி பதிய வேண்டும். பாடசாலைத் தவணைக்கு முந்தின விலைப்பட்டியல் ஏன் வரவில்லை என்று ஒரு கொள்வனவு அதிகாரி எங்கள் பெடியனைத் தொலைபேசியில் ஏசினார். நிறுத்தியது அவருடைய அலுவலகத்திலேயே யாரோ. மின்னஞ்சல் செயலியில் உள்ள ஒரே அழுத்து விலகலில் இடையில் எதுவும் கேட்க வழியில்லை, சரி. மடலின் அடியில் உள்ள இணைப்பிலாவது, "இது பலர் பார்க்கும் முகவரி, எல்லாருக்கும் நிறுத்தவா?" என்று ஒரு கேள்வி வைக்கலாம்தானே! எழுதிக் கேட்டேன். மரியாதையாகப் பதில் வந்தது, மாற்றம் வரவில்லை.

இப்போது புது வாடிக்கையாளரிடம் பொது முகவரியோடு, பொறுப்பானவரின் சொந்த அலுவலக முகவரியையும் கேட்டு வாங்குகிறோம். விலைப்பட்டியல் அதற்குத்தான் போகும்.

நண்பருக்கு அலுவலகங்கள்தான் வாடிக்கையாளர். விலை பாதியானாலும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.