ஒரே நடையா, மூன்று குறுநடையா?

காலையில் 30 நிமிடம் சேர்ந்தாற்போல் நடப்பதா, மூன்று வேளையும் சாப்பிட்டபின் பத்துப் பத்து நிமிடமா?

நேரம்: முதலாவதுக்கு அரை மணி ஒதுக்கியாக வேண்டும். இரண்டாவது வேலைகளுக்கு நடுவே அடங்கிவிடும்.

சர்க்கரை: குறுநடையே முந்துகிறது. உணவு செரித்து ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும் நேரத்தில் கால் தசைகள் இயங்கினால், அவை அதை இழுத்துப் பயன்படுத்திக்கொள்ளும். இரவு சாப்பிட்டதும் படுக்கையில் சாய்கிறவர்கள் இதை அவசியம் செய்துபாருங்கள்.

மூச்சுத்திறன்: மொத்த நேரமும் வேகமும் ஒன்றானால், இரண்டும் ஏறக்குறைய சமம்தான். எதுவானாலும், பேச முடியும், பாட முடியாது என்கிற வேகத்தில் நடக்க வேண்டும்.

விறுவிறுப்பாக நடந்தால், உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வாரம் 150 நிமிடத்தை இரண்டுமே எட்டும்.

நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவர்களுக்கும் சர்க்கரை உள்ளவர்களுக்கும் குறுநடை. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். தனிமையும் மனத்தெளிவும் தேடுபவர்களுக்கு நீண்ட நடை.