குனிகார்ன்: நல்ல சர்வர்தான், நிறுவியபடியே விட்டால் காணாது

ஜாங்கோ, ஃப்ளாஸ்க் போன்ற பைத்தான் தளங்களை ஓட்டிக்கொடுக்கும் சர்வர் என்றால் குனிகார்னைத் தயங்காமல் சொல்லலாம். இலவசம். ஒரு பிப் கட்டளையில் வந்துவிடும், லினக்ஸில் மாதக்கணக்கில் தொந்தரவில்லாமல் ஓடும். நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைகளின் ஆர்டர் தளத்துக்கு இதற்கு மேல் தேவையே இல்லை. ஆனால் எதையும் மாற்றாமல் ஓடவிட்டால் கிடைப்பது ஒரே ஒரு சிங்க் வொர்க்கர், அதாவது ரிக்வெஸ்டைக் கையாளும் ஒரே ஒரு ப்ராசஸ். ஒரு நேரத்தில் ஒரு ரிக்வெஸ்ட்தான், மற்றதெல்லாம் வரிசையில் நிற்கும்.

ஒரு ரிக்வெஸ்ட் முடிய 200 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் ஒரு வொர்க்கர் நொடிக்கு 5 முடிக்கும். கோர் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி ஒன்று கூட்டச் சொல்கிறது குனிகார்ன் ஆவணம். 2 கோர் மெஷினில் 5 வொர்க்கர், அதாவது நொடிக்கு 25. ஓணத்துக்கு முந்தின நாட்களில் தோவாளைப் பூச்சந்தை விலை பார்க்க விடியுமுன் எல்லோரும் ஒன்றாகத் திறக்கிற தளத்துக்கு இது காணாது.

உடனே வொர்க்கரை 20 ஆக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றும் தனி ப்ராசஸ். ஒன்றுக்கு 150 எம்பி என்றால் மொத்தம் 3 ஜிபி. ராம் தீர்ந்து, டிஸ்க்கையே மெமரியாகப் பயன்படுத்தும் ஸ்வாப்புக்குப் போனால் முன்பைவிட மோசமாகும். அந்த 200 எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள். 180 டேட்டாபேஸ் பதிலுக்குக் காத்திருப்பது, 20 மட்டுமே சிபியு வேலை என்றால் ஒரே ப்ராசஸுக்குள் பல த்ரெட் ஓட்டும் ஜிதிரெட் வொர்க்கருக்கு மாறி, வொர்க்கருக்கு 4 த்ரெட் கொடுங்கள். காத்திருக்கும் த்ரெட் பைத்தானின் ஜிஐஎல் பூட்டை (ஒரு ப்ராசஸில் ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் ஓடவிடுவது) விட்டுக்கொடுப்பதால் 5 வொர்க்கரிலும் சேர்த்து 20 ரிக்வெஸ்ட் ஒரே நேரத்தில் நகரும், நொடிக்கு 100ஐ நெருங்கலாம். அதற்கு மேல் த்ரெட் கூட்டிப் பயனில்லை. தலைக்கு 20 மில்லிசெகண்ட் சிபியு என்றால் 2 கோரின் எல்லையே 100தான். பிடிஎஃப் பில் தயாரிப்பது போன்ற கனமான வேலையைப் பின்னணியில் தனியாகச் செய்துதரும் செலரிக்குத் தள்ளிவிடுங்கள்.

த்ரெட்டைக் கூட்டினால் டேட்டாபேஸ் பக்கம் இடிக்கும். 20 த்ரெட் என்றால் 20 போஸ்ட்கிரெஸ் கனெக்‌ஷன். அதன் இயல்பு வரம்பு 100. அதே டேட்டாபேஸை நாலைந்து ஆப் பகிர்ந்தால் 'டூ மெனி கிளையண்ட்ஸ்' வந்து நிற்கும். அந்த நிலைக்கு, குறைந்த கனெக்‌ஷனையே பலருக்கும் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வேண்டும்.

முன்னால் நின்று ரிக்வெஸ்டை வாங்கிக் கொடுக்கும் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இல்லாமல் சிங்க் வொர்க்கரை வெளியே திறந்துவிடவே கூடாது. பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு கோடு சிக்னலில் இருக்கிற போனிலிருந்து ரப்பர் ஷீட் படம் ஒன்று, 3 எம்பி, ஏறுகிறது என்று வையுங்கள். கடைசி பைட் வரும்வரை ஒரு வொர்க்கர் அதிலேயே மாட்டிக்கொள்ளும். 30 நொடி தாண்டினால், வொர்க்கர்களை மேய்க்கும் மாஸ்டர் ப்ராசஸ் அதைக் கொன்றுவிட்டு லாகில் 'வொர்க்கர் டைம்அவுட்' என்று எழுதும். பலரும் டைம்அவுட்டை 120 ஆக்குகிறார்கள். எரர் மறையும், வொர்க்கர் இன்னும் அதிக நேரம் மாட்டும், அவ்வளவுதான். என்ஜின்எக்ஸ் இருந்தால் முழுப் படத்தையும் தானே வாங்கி வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் கொடுக்கும். அதன் இயல்பு அப்லோடு வரம்பு 1 எம்பி. 'கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' என்பதை 10 எம்பி ஆக்காவிட்டால் அதே படத்துக்கு 413 எரர் (அளவு மிகப் பெரிது) வரும்.

மெமரி மெல்ல ஏறுகிறதென்றால் இத்தனை ரிக்வெஸ்டுக்குப் பின் வொர்க்கரை ரீஸ்டார்ட் செய்யும் 'மேக்ஸ் ரிக்வெஸ்ட்ஸ்' 1000, அந்த எண்ணை வொர்க்கருக்கு வொர்க்கர் சற்று மாற்றிவிடும் ஜிட்டர் 100 வையுங்கள். ஜிட்டர் இல்லாவிட்டால் எல்லா வொர்க்கரும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் ரீஸ்டார்ட் ஆகக்கூடும். ஆப்பை ஒருமுறை ஏற்றிவிட்டு வொர்க்கர்களைப் பிரிக்கும் ப்ரீலோடு ராமை மிச்சப்படுத்தும், ஆனால் வொர்க்கர் பிரியுமுன் டேட்டாபேஸ் கனெக்‌ஷன் எதையும் திறந்துவிடாதீர்கள். எல்லா வொர்க்கரும் அதே சாக்கெட்டில் பேசப் போய் பதில்கள் இடம் மாறும்.

இத்தனையும் செய்யாமலே டேட்டாபேஸில் தேடலை வேகமாக்கும் ஒரு நல்ல இண்டெக்ஸ் நிறையத் தரும். 180ஐ அது 60 ஆக்கினால், த்ரெட்டே இல்லாமல் அதே 5 வொர்க்கர் நொடிக்கு 62 கொடுக்கும். ஜாங்கோவில், தொடர்புடைய டேபிளையும் ஒரே குவெரியில் எடுக்கும் 'செலக்ட் ரிலேட்டட்' விட்டுப்போன இடங்களையும் இதே கையோடு பாருங்கள்.

இணைப்பைத் திறந்தே வைத்து இருபக்கமும் பேசும் வெப்சாக்கெட் வேண்டுமென்றால் யூவிகார்ன் என்ற சர்வருக்குப் போங்கள். விண்டோஸ் சர்வரில் குனிகார்ன் ஓடாது. எந்த மாற்றத்துக்குப் பிறகும் லோகஸ்ட் என்ற லோடு டெஸ்ட் கருவி வைத்து வேறொரு மெஷினிலிருந்து சோதியுங்கள். அதே மெஷினில் ஓட்டினால் லோகஸ்ட்டே சிபியுவைத் தின்று எண்ணைக் குறைத்துக் காட்டும்.